பல ஆண்டு விண்டோஸுக்குப் பிறகு லினக்ஸ் மின்ட்: இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு கணினியில் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப் இதில் தேறாது. திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக இருந்தாலும் பாதுகாப்பு அப்டேட் இனி ஒழுங்காக வராது. அப்படி ஒரு கணினி உங்களிடம் இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பத்துப் பதினைந்து ஆண்டு விண்டோஸில் வேலை பார்த்தவர்கள் ஆசையாக லினக்ஸுக்கு வந்து, நாலே நாளில் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டால், திங்கட்கிழமை காலை வேர்டு இல்லை, பழகிய தமிழ் கீபோர்டு இல்லை, பிரின்டர் வேலை செய்யவில்லை, பழைய கடிதத்தைத் திறந்தால் எழுத்து தெரியவில்லை. அலுவலகத்துக்கோ கடைக்கோ அவசரம். வேறு என்ன செய்வார்கள்?

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் மென்பொருள், அடுத்து கோப்புகள், அப்புறம் டிஸ்க், எல்லாம் முடிந்த பிறகு இயங்குதளம். முதல் இரண்டையும் விண்டோஸில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

ஏன் மின்ட்?

லினக்ஸில் எத்தனையோ வகைகள் உண்டு. எது சிறந்தது என்ற வாதத்துக்குள் புதியவர்கள் போக வேண்டாம். மின்ட்டில் மெனு இடப்பக்கம் கீழே இருக்கும், கடிகாரம் வலப்பக்கம் கீழே இருக்கும், திறந்த ஜன்னல்கள் கீழ்ப்பட்டையில் வரிசையாக நிற்கும். விண்டோஸ் 7 பழகிய கைக்குத் தடுமாற்றம் இருக்காது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதால் அடிக்கடி தலைகீழாக மாறவும் செய்யாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இதில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று பதிப்புகள். 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் போடுங்கள். 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ.

'கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் லினக்ஸ்' என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினியே கற்கிறார்கள். பயம் வேண்டாம்.

முதலில் ஒரு பட்டியல்

ஒரு வாரம் கணினியில் என்னவெல்லாம் திறக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். மின்னஞ்சல், வங்கி, ரயில் டிக்கெட், யூடியூப், வாட்ஸ்அப் என்று பாதிக்கு மேல் பிரவுசரில் நடப்பதாகத்தான் இருக்கும். அவற்றுக்கு விண்டோஸும் லினக்ஸும் ஒன்றே.

மிச்சமிருப்பதில்தான் கவனம் வேண்டும். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஃபோட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் இவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட 'ஒயின்' என்று ஒன்று உண்டு. சின்னப் பழைய மென்பொருள்கள் பல அதில் ஓடும். ஆனால் வயிற்றுப்பிழைப்பே ஒரு மென்பொருளை நம்பி இருக்கும்போது ஒயினை நம்பி இறங்காதீர்கள். கடையின் கணக்கு முழுக்க டேலியில் இருந்தால், அல்லது அச்சகத்தில் தினமும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிறீர்கள் என்றால், அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக் கணினியை மட்டும் மாற்றுங்கள். எல்லாக் கணினியையும் மாற்றியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மேக்ரோ வைத்த எக்செல் கோப்புகளையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பட்டியலில் தனியாகக் குறியுங்கள். இவை லினக்ஸில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். சோதித்துப் பார்க்காமல் விண்டோஸை அழிக்கக் கூடாது.

விண்டோஸில் இருந்தபடியே பழகுங்கள்

வேர்டு, எக்செல் வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ், பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, வீடியோவுக்கு விஎல்சி, படம் திருத்த ஜிம்ப், வரைய இங்க்ஸ்கேப். இவை எல்லாமே இலவசம், எல்லாவற்றுக்கும் விண்டோஸ் பதிப்பும் உண்டு. இப்போதே நிறுவி, ஒரு மாதம் இவற்றில் மட்டும் வேலை பாருங்கள். ஏதாவது ஒரு நாள் அவசரம் வந்தால் வேர்டு பக்கத்திலேயே இருக்கிறது, பிரச்சினை இல்லை. மின்ட்டுக்குப் போன பிறகும் இதே மென்பொருள்கள் இதே முகத்தோடு உங்களுக்காக இருக்கும். அன்றைக்குப் புதிதாக இருக்கப்போவது சுற்றியுள்ள மெனு மட்டும்தான்.

லிப்ரே ஆஃபிஸில் இரண்டு மாற்றங்களை முதல் நாளே செய்துவிடுங்கள். 'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' போய் 'டேப்டு' தேர்ந்தெடுத்தால் வேர்டு போலவே மேலே பட்டை வரும். 'டூல்ஸ், ஆப்ஷன்ஸ்' போய் 'லோட்/சேவ்' பகுதியில், சேமிக்கும் வகையை வேர்டு, எக்செல் வகைக்கு மாற்றினால் நீங்கள் அனுப்பும் கோப்பை மற்றவர்கள் சிரமமின்றித் திறப்பார்கள்.

மின்னஞ்சலைப் பிரவுசரிலேயே பார்ப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அவுட்லுக்கில் பல ஆண்டு அஞ்சல்களைக் கணினிக்குள்ளேயே சேர்த்து வைத்திருப்பவர்கள், அவுட்லுக் இன்னும் நிறுவியிருக்கும்போதே தண்டர்பேர்டுக்குள் அவற்றை இறக்குமதி செய்துவிடுங்கள். விண்டோஸ் போன பிறகு இதே வேலை பல மடங்கு கஷ்டம். தண்டர்பேர்டுக்குள் வந்துவிட்டால், அஞ்சலும் அமைப்புகளும் இருக்கும் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே மின்ட்டுக்கு எடுத்துப் போகலாம். பிரவுசர் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் ஃபயர்ஃபாக்ஸில் மோசில்லா கணக்கு வைத்து சிங்க் செய்தால் தானாக வந்துவிடும்.

பழைய தமிழ்க் கோப்புகள்

மற்ற வழிகாட்டிகளில் இது இருக்காது. நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் பாமினி, திஸ்கி, டாம், டாப், வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தில் செய்தார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றதே 2010-இல்தான். அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய குறியாக்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் கணினியில் உள்ள பத்திர நகல், சங்கத்தின் தீர்மானம், கல்யாணப் பத்திரிகை, அப்பா தட்டச்சு செய்து வைத்த கட்டுரை, இதில் எத்தனையோ பழைய குறியாக்கத்தில் இருக்கலாம்.

பாமினி போன்றவற்றில் செய்த கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் தட்டச்சு செய்த 'தமிழ்' என்ற சொல், கோப்புக்குள் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் கிடக்கிறது. அதைத் தமிழாகக் காட்டுவது பாமினி எழுத்துரு. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை தெரியும். பார்த்தவர்கள் 'லினக்ஸ் என் கோப்பைக் கெடுத்துவிட்டது' என்று பதறுவார்கள். கோப்பு கெடவில்லை. எழுத்துரு வந்து சேரவில்லை, அவ்வளவே.

இதற்கு இரண்டு வேலைகள். விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, நீங்களோ கடைக்காரரோ பின்னாளில் சேர்த்த தமிழ் எழுத்துருக்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். மின்ட்டில் எழுத்துருக் கோப்பை இருமுறை கிளிக் செய்தால் 'இன்ஸ்டால்' பொத்தான் வரும். அழுத்தினால் பழைய கோப்புகள் மீண்டும் தமிழாகத் தெரியும்.

இரண்டாவது, முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் பாமினி, திஸ்கி, டாம், டாப் குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றித் தரும். விண்டோஸை விடுவதற்கு முன் இதை உட்கார்ந்து செய்துவிடுங்கள். பத்தி அமைப்பும் தடித்த எழுத்தும் மாற்றத்தில் போய்விடலாம். பாமினி போன்றவற்றில் ஆங்கிலச் சொல் நடுவில் கலந்திருந்தால் அதுவும் தமிழ் எழுத்தாக மாறிப் பொருளற்று நிற்கும். ஒரு முறை படித்துத் திருத்துங்கள். மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். யூனிகோடான பிறகு அந்தக் கோப்புக்குள் தேடலாம், செல்பேசியில் படிக்கலாம், எந்த இயங்குதளத்துக்கும் எடுத்துப் போகலாம். லினக்ஸுக்கே போகாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள்

வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுங்கள். டாக்குமென்ட்ஸ் மட்டும் போதாது, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் சேருங்கள். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனம்: ஃபோல்டரில் பெயர் தெரியும் எல்லாக் கோப்பும் உங்கள் டிஸ்க்கில் இருப்பதாக அர்த்தமில்லை. மேகக் குறி போட்ட கோப்பு இணையத்தில்தான் இருக்கிறது. அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து, 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்ற தேர்வைக் கொடுத்து, முழுக்க இறங்கிய பிறகு நகலெடுங்கள்.

இதற்கு மேல் நான் அழுத்திச் சொல்வது வேறொன்று. முடிந்தால், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகம் புதிதாக ஒன்று வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் புதியதை மாட்டி, அதில் மின்ட் நிறுவுங்கள். அந்தக் கால லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான் இருக்கும். பின்மூடியின் திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம், கை வராவிட்டால் சர்வீஸ் கடையில் கொடுத்தால் சீக்கிரம் செய்து தருவார்கள். பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டுக்கொண்டால் வெளி டிஸ்க்காகத் திறக்கலாம். விண்டோஸ் அதில் அப்படியே இருக்கிறது. மின்ட் பிடிக்கவில்லையென்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் போதும், எல்லாம் பழையபடி. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு வரும்போது கிடைக்கும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. இந்தச் செலவு வீண் போகாது.

அந்தப் பழைய டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். 48 இலக்கம். அது இல்லாமல் வெளியிலிருந்து டிஸ்க்கைத் திறக்க முடியாது.

ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் மின்ட்டும் பக்கம் பக்கமாக வைக்கலாம். முடியாது என்றில்லை, ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான். செய்தே ஆக வேண்டுமென்றால் விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அங்கே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை மின்ட்டிலிருந்து திருத்த முடியாமல் போகும். அப்புறம், விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கலாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக நினைத்துப் படிக்கிறது. கணினி பழுதாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். உள்ளே இருப்பது அழிந்துவிடும். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும், நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவில் எழுதலாம். எழுதுவதற்கு முன், ரூஃபஸில் ஐஎஸ்ஓ பெயருக்குப் பக்கத்தில் உள்ள டிக் பொத்தானை அழுத்துங்கள். எஸ்ஹெச்ஏ256 என்று ஒரு நீளமான எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள் புகுந்த சிலர், விஷம் வைத்த ஐஎஸ்ஓவைப் பதிவிறக்க இணைப்பில் கோத்துவிட்டார்கள். இப்படி மாற்றிவைத்த கோப்பைக் கண்டுபிடிக்க எண்ணை ஒப்பிடுவது உதவும்.

பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்து, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. மின்ட் திரை வரும். இப்போது எதுவும் நிறுவப்படவில்லை, உங்கள் டிஸ்க் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, ப்ளூடூத், திரை வெளிச்சம் கூட்டும் விசை, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா. பிரின்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். புதிய வைஃபை பிரின்டர்கள் பெரும்பாலும் தாமாகவே தெரியும். எச்பி பழைய லேசர்ஜெட்களில் 1020 போன்ற சிலவற்றுக்கு எச்பியின் கூடுதல் ப்ளக்இன் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் நிறையக் காணும் கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவதால் லினக்ஸில் அதை ஓட்டுவது சிரமம். அந்தப் பிரின்டரை நம்பியிருப்பவர்கள் முதலில் அதற்கு வழி பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாக இருக்கும். வேகத்தை இப்போது எடை போடாதீர்கள்.

நிறுவுதல்

உண்மையில் மிகச் சுலபமான கட்டம் இதுதான். டெஸ்க்டாப்பில் உள்ள 'இன்ஸ்டால்' குறியைத் திறங்கள். மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும், மெனுவைத் தமிழாக்குவது பிறகு எப்போது வேண்டுமானாலும் முடியும். கீபோர்டு ஆங்கிலம் யுஎஸ். பாட்டும் வீடியோவும் ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்குகளுக்கான டிக்கைப் போட மறக்க வேண்டாம். புது எஸ்.எஸ்.டி. மட்டும் மாட்டியிருந்தால் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைப் பயமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம், அழிய அதில் ஒன்றுமில்லை. நேர மண்டலத்தில் கொல்கத்தா அல்லது கொழும்பு. பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் சேமிப்பக முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கிறதா பாருங்கள். அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும்.

முதல் நாள்

மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து, இயங்குதளத்தின் நிலையை வாரம் ஒரு முறை பதிந்து வைக்க (ஸ்னாப்ஷாட்) சொல்லுங்கள். ஒரு அப்டேட் தொல்லை கொடுத்தால் முந்தைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். இது இயங்குதளத்துக்கான காப்பு மட்டுமே. உங்கள் ஃபோட்டோக்களையும் கடிதங்களையும் அது எடுத்து வைக்காது, அவற்றுக்கு 'பேக்கப் டூல்' தனியாக இருக்கிறது. அடுத்து அப்டேட் மேனேஜர். அதற்கடுத்து டிரைவர் மேனேஜர்: என்விடியா கார்டோ பிராட்காம் வைஃபையோ இருந்தால் அங்கே டிரைவர் காத்திருக்கும்.

அப்புறம் தமிழ் கீபோர்டு. கீபோர்டு அமைப்பில் நேரடியாகவே தமிழைச் சேர்க்கலாம்தான். ஆனால் தமிழ்99 பழகியவர்களுக்கு அது போதாது. 'க' விசையை இரு முறை தட்டினால் தானாக 'க்க' ஆக வேண்டும், மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய்யாகச் சேர வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான அந்த முறையின் அழகே அதில்தான் இருக்கிறது. அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ் எம்17என் இரண்டையும் நிறுவி, 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைத் தேடினால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், இலங்கையில் பழக்கமான ரங்கநாதன் எல்லாமே வரிசையாக இருக்கும். உங்கள் கைக்குப் பழகியதைச் சேருங்கள். விண்டோஸ் குறி போட்ட விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். 'அம்மா' என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள்: அ, ம, ம, ஆ. புள்ளி தானாக விழுந்தால் சரியாக அமைந்துவிட்டது.

லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுடையவை, மின்ட்டில் வராது. அவற்றில் செய்த கோப்பு நோட்டோ அல்லது லோஹித் எழுத்துருவில் திறக்கும். படிப்பதில் சிக்கலில்லை, ஆனால் வரி உடையும் இடம் மாறும், மூன்று பக்கக் கடிதம் நாலாம் பக்கத்துக்கு ஓடலாம். அச்சுக்கு அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மாற வேண்டிய சில பழக்கங்கள்

மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள், தேவைப்படும் முக்கால்வாசி அங்கேயே கிடைக்கும். சி டிரைவ், டி டிரைவ் என்ற பிரிவு இங்கே கிடையாது. உங்கள் கோப்பெல்லாம் 'ஹோம்' என்ற ஒரு ஃபோல்டருக்குள். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. முதலெழுத்து மட்டும் மாறிய இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருக்கலாம், தேடும்போது நினைவில் வையுங்கள்.

இணையத்தில் உதவி தேடினால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற ஜன்னலில் இதை ஒட்டு அதை ஒட்டு என்று நிறையக் கட்டளைகள் கண்ணில் படும். தொடக்கத்தில் அவை தேவையே இல்லை. இங்கே சொன்ன அத்தனையும் மவுஸாலேயே முடியும். என்ன செய்கிறது என்று புரியாத கட்டளையைப் பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டாதீர்கள்.

கழற்றி வைத்த பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்? இரண்டு மாதம் ஓடிவிட்டது, ஒன்றும் தேவைப்படவில்லை என்று அழித்துவிடாதீர்கள். வருமான வரித் தாக்கல், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, சங்கத்தின் ஆண்டறிக்கை என்று வருடத்துக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் கோப்புகள் எல்லோரிடமும் உண்டு. அந்த ஒரு சுற்று முழுக்க மின்ட்டிலேயே முடியட்டும். அதுவரை அந்த டிஸ்க்கின் மேல் தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள்.